தைப்பட்டத்தில் வீட்டுக் காய்கறி: குரங்கு, மயில், பன்றி வரும் இடத்தில் என்ன போடலாம்? (பாலக்கோடு)

பாலக்கோடு_அடிவாரம்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். ராகி அறுத்துப் போரும் போட்டாயிற்று. கிணற்றுத் தண்ணீர் சித்திரை வரை தாங்கும் என்று அப்பா சொல்கிறார். வீட்டை ஒட்டி 20 சென்ட்டில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி, கத்தரி, வெண்டை, பந்தலில் பீர்க்கனும் பாகலும், கொஞ்சம் கீரை, ஓரத்தில் நிலக்கடலை என்று யோசித்திருக்கிறேன். வீட்டுக்குப் போக மிச்சம் உழவர் சந்தைக்கு.

தொல்லை என்னவென்றால், பகலில் குரங்கும் மயிலும், ராத்திரியில் பன்றியும் வருகின்றன. போன வருடம் வெண்டை முளைத்து இரண்டு இலை விட்டதுமே பாதி காணாமல் போனது. பக்கத்துக் காட்டுக்காரர், "மின் லைனிலிருந்து ஒரு கம்பி இழுத்து விடு, ஒன்றும் கிட்டே வராது" என்கிறார். அம்மா கூடவே கூடாது என்று நிற்கிறார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த இடத்தில் காய்கறி போடுவது புத்திசாலித்தனமா? போட்டால் எதைப் போடுவது, எப்படிக் காப்பது?


பென்னாகரம்_மேட்டுக்காடு

தம்பி, காய்கறிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கம்பி. அம்மா சொல்வதுதான் சரி.

2023 மார்ச்சில் உங்கள் மாரண்டஹள்ளிப் பக்கத்தில்தான் திருட்டு மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் தாயின் உடலை விட்டு நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. பயிரைக் காக்கப் போட்ட கம்பிதான் அது. போட்டவர் கைதானார். யானைக்கு மட்டுமா ஆபத்து? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போடப் போகிறவன் மனிதன். விடியற்காலையில் காட்டுக்குப் போகிறவர்கள், அவிழ்த்துக்கொண்டு ஓடும் மாடு, கன்று, நாய், எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் நடக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இப்படி மனிதர்களையே பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன.

சோலார் வேலி வேறு. அதில் பேட்டரியிலிருந்து ஒரு பெட்டி, விநாடிக்கு ஒரு தடவை போல, மிகச் சின்னத் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். தொட்டால் சுரீர் என்று உதறும், ஆளைப் பிடித்து வைக்காது, கொல்லாது. ஆனால் அதற்கும் விதி உண்டு. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே பதிவு, ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டுக்கு 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் வனத்துறை அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். அடிவாரம் என்கிறீர்கள், அப்படியானால் உங்களுக்கும் பொருந்தும். கடையில் பெட்டி வாங்குவதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள்.


கீரைப்பாத்தி_மொரப்பூர்

தம்பி, வெண்டையைத் தின்றது யார் என்று பார்த்தீர்களா? மயில், குரங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இலை விட்டதுமே பாதி போனது என்றால் எனக்கு முயல் மீதுதான் சந்தேகம்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பாத்தியில் குனிந்து பாருங்கள். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். பக்கத்திலேயே மிளகு அளவில், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டைப் புழுக்கை கிடக்கும். மான் கடித்தால் அப்படிச் சுத்தமாக இருக்காது. மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, அதனால் பிய்த்து இழுக்கும், நார் நாராகத் தொங்கும். மயில் என்றால் நாற்றைக் கொத்திப் பிடுங்கிப் போட்டிருக்கும், முளைவிட்ட பருப்பை மட்டும் தின்றிருக்கும். மூன்று விரல் தடம் ஈர மண்ணில் நன்றாகவே விழும். கூடவே பாத்தி நடுவில் வட்டமாகப் புழுதி பறித்திருந்தால் அது மயில் மண் குளித்த இடம். நத்தை என்றால் இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், மினுமினுவென்று கோடு இழுத்திருக்கும். பன்றிக்கு அடையாளமே தேவையில்லை, ஏர் ஓட்டிவிட்டுப் போயிருக்கும். கிழங்கைச் சுற்றி ஆழமாகத் தோண்டி, பல் வரி பட்டைப் பட்டையாகத் தெரிந்தால் முள்ளம்பன்றி. எங்கள் மரவள்ளிக்கு அதுதான் எமன்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலிக்குச் செலவு செய்தால் பணம் வீண். முயலுக்கு முழங்கால் உயரக் கோழிவலை போதும், கீழே அரை அடி மண்ணுக்குள் இறக்கிவிட்டால் சரி. அதே வலையைக் குரங்குக்குக் கட்டினால் அது ஏறி உட்கார்ந்து சாப்பிடும்.


விதைப்பெட்டி_கிருஷ்ணகிரி

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்தக் குளிரில் வெண்டை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். கிடக்கிற நாளெல்லாம் எலிக்கும் மயிலுக்கும் விருந்து. சிவராத்திரியோடு பனி போய்விடும். அதை ஒட்டி, விதையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஊன்றினால் நான்கைந்து நாளில் மேலே வந்துவிடும். வெளியே வந்து மூன்று நான்கு இலை விடும் வரைதான் ஆபத்து. அந்தக் காலத்தை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு லாபம்.

பீர்க்கன், புடலை, பாகல், சுரை எல்லாம் தையிலேயே போடலாம். ஆனால் நேராகக் குழியில் ஊன்றாமல் பையிலோ குழித்தட்டிலோ வீட்டுத் திண்ணைப் பக்கம் முளைக்க வைத்து, இரண்டு மூன்று நிஜ இலை வந்த பிறகு வேர்மண் உடையாமல் நடுங்கள். தக்காளிக்கு 25 நாள் நாற்று, கத்தரிக்கு 30, 35 நாள் நாற்று. நாற்றங்காலின் மேல் மூங்கிலை வளைத்து, 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை போட்டு ஓரத்தை மண்ணால் மூடிவிடுங்கள். மயிலும் நுழையாது, வெள்ளை ஈயும் நுழையாது. மாசி, பங்குனித் தக்காளிக்கு வெள்ளை ஈதான் முதல் எதிரி. அதுதான் இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவருகிறது. ஒரே வலையில் இரண்டு காவல்.

ரகம் என்று பார்த்தால், தக்காளியில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டையைத் தாங்கும். வெண்டையில் அர்கா அனாமிகா மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், இந்தப் பக்க மண்ணுக்கு எது வரும் என்று சொல்வார்கள்.


பாலக்கோடு_அடிவாரம்

அக்கா, இன்று காலை போய்ப் பார்த்தேன். வெண்டை இப்போது இல்லை, ஆனால் வரப்போரத் தட்டைப்பயறில் தண்டுகள் சாய்வாகத்தான் நறுக்கியிருக்கின்றன. புழுக்கையும் கிடக்கிறது. முயல்தான். மயிலைத் திட்டிக்கொண்டே இருந்தோம்.

விதைப்பெட்டி அண்ணா, நாற்றங்கால் வலை செய்துவிடலாம். குரங்குதான் பெரிய கவலை. ஒரு கூட்டமாக வருகின்றன.


காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு

குரங்கு, பன்றி எதற்கும் வழி கிடையாது என்பதுதான் உண்மை. நாங்கள் மாங்காய் போடுகிறவர்கள். பிஞ்சு விட்டதிலிருந்து அறுவடை வரை காவலுக்கு ஆள் வைத்தால் கூலியிலேயே போய்விடுகிறது. சட்டம் எல்லாம் விலங்குக்குத்தான். விவசாயிக்கு என்ன இருக்கிறது? பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டது, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் குருணை மருந்தைத் துணியில் கட்டி வேலியில் தொங்கவிடுகிறார்கள், அந்த நாற்றத்துக்குப் பன்றி வருவதில்லை. தம்பி அதைச் செய்து பார்க்கலாம்.


பென்னாகரம்_மேட்டுக்காடு

ஐயா, உங்கள் வருத்தம் நியாயம். பறிகொடுத்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், படிக்கிறவர்கள் நம்பிச் செய்துவிடக் கூடாது.

2025 ஜனவரியில் அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள். அவர்கள்தான் சுட வேண்டும், நாம் இல்லை. தம்பி அடிவாரத்தில் இருக்கிறார், அவருக்கு அது உதவாது.

குருணை மருந்து வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வது ஃபோரேட் என்றுதான் நினைக்கிறேன். 2020 முடிவோடு அது நாட்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. கைபட்டாலே உடம்பில் ஏறும் விஷம். மழை பெய்தால் மூட்டையிலிருந்து ஒழுகி மண்ணில் இறங்கும். பக்கத்திலேயே கீரையும் வெண்டையும் பறித்துக் குழந்தைக்குக் கொடுக்கப்போகிறோம். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), சுருக்குக் கம்பி இரண்டையும் யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டும், நம் வீட்டு நாய் மாட்டும். வெடியைக் கடித்து வாய் கிழிந்த யானை சாப்பிட முடியாமல் நாள் கணக்கில் அலைந்து சாகும். அதைச் செய்துவிட்டு அந்த மண்ணில் விளைந்ததை நாம் எப்படிச் சாப்பிடுவது?


காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு

ஃபோரேட் தடை என்று எனக்குத் தெரியாது. கடையில் கேட்டால் ஏதோ ஒரு பெயரில் கொடுக்கிறார்கள். சரி, அதை விட்டுவிடுவோம். ஆனால் வழி என்ன என்று யாராவது சொல்லுங்கள்.


கீரைப்பாத்தி_மொரப்பூர்

வழி இருக்கிறது அண்ணா. தோப்புக்கு நான் சொல்ல முடியாது, அது பெரிய இடம். வீட்டுத் தோட்டத்துக்குச் சொல்கிறேன். எல்லா இடத்தையும் காக்க நினைத்தால் எதையும் காக்க முடியாது. எதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பாதிக் காவல்.

எங்கள் வீட்டில் செய்வது இதுதான். சமையலறைக் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் தக்காளி, வெண்டை, வெள்ளரி. குரங்குக்குப் பிடித்ததெல்லாம் நம் கண் முன்னால். அதற்கு அடுத்து கத்தரி, அவரை, கீரை. வெளி ஓரத்தில் அது தொடாதவை அல்லது அதிகம் விரும்பாதவை: பாகல், மிளகாய், மஞ்சள், சேனை, சேம்பு. சேனையையும் சேம்பையும் பச்சையாகக் கடித்தால் வாய் அரிக்கும், குரங்கு ஒதுங்கிப் போகும். மிளகாயை மட்டும் பறவை விடாது. நமக்கு உறைக்கிற காரம் பறவைக்கு உறைக்காது, பழுத்த மிளகாயைக் கிளியும் மயிலும் கொத்தும். அதனால் பச்சையிலேயே பறித்துவிடுவோம்.

இன்னொன்று, பறிக்கும் நேரம். தக்காளி செடியிலேயே சிவக்கட்டும் என்று விட்டால் அது நம்முடையது இல்லை. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறி, வெள்ளையும் இளமஞ்சளுமாகத் தெரியும்போதே பறித்துவிடுங்கள். அந்தப் பக்குவம் வந்த காய் வீட்டுக்குள் வைக்கோலிலோ கூடையிலோ தானே பழுக்கும், ருசியும் குறையாது. சந்தைக்கு அனுப்புகிறவர்களும் அந்தப் பதத்தில்தான் பறிக்கிறார்கள். குரங்கு ஒரு கடி கடித்து எறியும், சின்னான் குருவி கொத்திப் பார்க்கும். இரண்டுமே சிவப்பைப் பார்த்துத்தான் வருகின்றன. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இளசாகவும் கிடைக்கும், வேறு யாருக்கும் மிஞ்சாது.


விதைப்பெட்டி_கிருஷ்ணகிரி

அக்காவின் பதிலைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒன்று சேர்க்கிறேன். குரங்குக்கு வலை கட்டுவதானால் விறைப்பாகக் கட்டாதீர்கள். கம்பத்துக்கு மேலே ஒன்றரை அடி வலையைத் தாங்கல் இல்லாமல் தொளதொளவென்று விட்டுவிடுங்கள். பிடித்து ஏறும்போது ஆடும், பின்பக்கமாகச் சாயும். ஆடுகிற பிடியைக் குரங்கு நம்பாது. தோட்டத்துக்கு மேலே தொங்கும் மரக்கிளை இருந்தால் அதை முதலில் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எந்த வலையும் வீண்.

வலையின் அடிப்பகுதி மண்ணில் குவிந்து கிடக்கக் கூடாது. இழுத்துக் கட்டிக் கல் வையுங்கள். குவிந்த நைலான் வலையில் சாரைப்பாம்பு மாட்டிக்கொள்ளும். சாரை இருக்கிற தோட்டத்தில் எலித்தொல்லை குறைவு. மாட்டிக்கொண்டது தெரிந்தால் கை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிடுங்கள். எந்தப் பாம்பு என்று தெரியாமல் நாமே அறுக்கப் போகக் கூடாது.


தளி_ஏரிக்கரை

தாமதமாகப் பார்த்தேன். நான் தளிக்காரன், வயதானவன். எங்கள் ஊர் மேடு, குளிர் அதிகம். உங்களுக்குத் தையில் வருவது எங்களுக்கு மாசிக் கடைசியில்தான் வரும். முட்டைக்கோசும் பீன்ஸும் பீட்ரூட்டும் இப்போதும் நிலத்தில் நிற்கின்றன. தருமபுரிப் பக்கம் பங்குனியில் அடிக்கும் வெயிலுக்கு அவை தாங்காது. அதனால் பட்டத்தை ஊரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தைப் பார்த்து வேண்டாம்.

யானையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ராகி கதிர் பிடிக்கும் நாளில் கர்நாடகத்தின் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும். தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று சுற்றிவிட்டு ராகி முடிந்ததும் மெல்லத் திரும்பும். 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் நம் பக்கக் காடுகளில் சிலவற்றைச் சேர்த்ததுதான். அவை நடக்கும் தடம் நமக்கு முன்னாலிருந்தே இருக்கிறது. தை, மாசியில் இன்னும் சில தனியாகவோ இரண்டு மூன்றாகவோ சுற்றும். உள்ளே குட்டை வற்ற வற்ற, சொட்டுநீர்க் குழாயின் ஈரமும் பச்சையும் அவற்றை இழுக்கும்.

யானைக்குக் காய்கறித் தோட்டத்தில் வேலி இல்லை. அது வரும் தடத்தில் வாழையும் கரும்பும் வைக்காமல் இருப்பதுதான் வேலி. வீட்டை ஒட்டிப் பலா இருந்தால் பழுக்க விடாமல் காயாகவே இறக்கிவிடுங்கள். ராகியையும் வீட்டுச் சுவரோரம் மூட்டையாக அடுக்காதீர்கள். யானை வந்துவிட்டால் நாலு செடி போகட்டும். தீப்பந்தம் எடுத்துக்கொண்டு துரத்தாதீர்கள், செல்போனில் படம் பிடிக்கக் கிட்டே போகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். இருட்டில் மோட்டார் போடப் போவதை நிறுத்த முடியாவிட்டால் தனியாகப் போகாதீர்கள், கையில் நல்ல டார்ச் இருக்கட்டும், நான்கு எட்டுக்கு ஒரு முறை நின்று காது கொடுங்கள். இந்தப் பக்கம் போன உயிர்களில் பல அப்படி விடியற்காலை இருட்டில் எதிர்ப்பட்டுப் போனவைதான்.


பாலக்கோடு_அடிவாரம்

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. ராகி மூட்டை திண்ணையில்தான் இருக்கிறது, நாளைக்கே உள்ளே எடுத்து வைக்கிறோம். பன்றிக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். நிலக்கடலை ஒரு பாத்தி போடலாமா?


பென்னாகரம்_மேட்டுக்காடு

நிலக்கடலையை இந்தப் பட்டத்தில் விட்டுவிடுங்கள் தம்பி. மாசி, பங்குனியில் காட்டில் கிழங்கும் வேரும் குறையும்போது ஈர மண்ணில் கடலை வாசம் வந்தால் பன்றி எதையும் தாண்டி வரும். ஒரு பாத்திக் கடலைக்கு ஆசைப்பட்டால் பக்கத்துக் கத்தரியும் சேர்ந்து உழுது போகும். ஆடியில் மானாவாரியாகப் போடுங்கள். அப்போது சுற்றிலும் ஆமணக்கை நான்கு வரிசை நெருக்கமாகப் போட்டுவிடுங்கள். பன்றிக்கு அந்த வாசமும் பிடிக்காது, ருசியும் பிடிக்காது. மக்காச்சோளத்துக்கு ஆராய்ச்சியாளர்களும் இந்த ஓரப்பயிரைப் பரிந்துரைக்கிறார்கள். இப்போது விதைத்தால் அது வேலியாக எழுந்து நிற்பதற்குள் வெண்டைப் பருவமே முடிந்துவிடும். ஆமணக்கு விதை விஷம், பிள்ளைகளும் ஆடுமாடும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு முள்படல் வைத்து அடையுங்கள். இலந்தை, கருவேலம், சூரை, எது கிடைத்தாலும் சரி. அடிப்பக்கம் மண்ணோடு அழுந்த வேண்டும், பன்றி மூக்கை நுழைக்கும் இடம் அதுதான். முள்ளுக்கு உள்பக்கம் பழைய சேலையை இழுத்துக் கட்டுங்கள். பன்றிக்குக் கண் மட்டம், மூக்குதான் கூர்மை. சேலைக்கு அப்பால் என்ன என்று தெரியாமல் தயங்கும். ஆனால் கட்டிவிட்டு அப்படியே விட்டால் சில வாரத்தில் பழகிவிடும். இடத்தை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், ஒரு நாள் பாட்டில் கட்டி ஒலி வரச் செய்யுங்கள். நீண்ட காலத்துக்குக் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றிவிடுங்கள், வைகாசிக்கு மேல் தானே தழைக்கும்.

அனுமதி கிடைத்துச் சோலார் வேலி போட்டால் முதல் கம்பி தரையிலிருந்து முக்கால் அடிக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் பன்றி அடியில் புகுந்துவிடும். கம்பியைத் தொடும் புல்லை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், புல் வழியாகவே மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது, தொட்டாலும் உறைக்காது. பலர் அப்போது பெட்டி கெட்டுப்போனது என்று நினைக்கிறார்கள். எர்த் கம்பி இறக்கிய குழியில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.


காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு

எங்கள் தோப்பு வேலியும் போன சித்திரையில் வேலை செய்யவில்லை, பெட்டியைக் கழற்றிக் கடைக்கே அனுப்பினோம். எர்த் பற்றி யாரும் சொல்லவில்லை. பார்க்கிறேன்.

நாய் வைத்தால் குரங்குக்கு உதவுமா?


தளி_ஏரிக்கரை

பகலில் உதவும். தோட்டத்துக்குள் பழகிய நாய் இருந்தால் குரங்கு மரத்தை விட்டு இறங்க யோசிக்கும். ராத்திரியில் காட்டோரம் நாயைக் கட்டி வைக்காதீர்கள். நாய்க்காகவே சிறுத்தை வரும். இருட்டியதும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.


கீரைப்பாத்தி_மொரப்பூர்

குரங்கைப் பற்றி மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல் போகிற வழியில், கோயில் வாசலில் எல்லாம் வண்டியை நிறுத்தி பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். மனிதன் கையில் சாப்பாடு இருக்கிறது என்று பழகிய குரங்குதான் பயம் விட்டு வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது, பிள்ளை கையிலிருந்து பிடுங்குகிறது. அந்தக் கூட்டம் திரும்பக் காட்டில் இலையும் காயும் தேடித் தின்னப் போவதில்லை. வீசுகிறவர்கள் போய்விடுவார்கள், அடிவாரத்தில் தோட்டம் போட்டவள்தான் அழுகிறாள். உங்கள் வீட்டுக்கு வரும் உறவினரிடம் சொல்லுங்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பறவைக்குச் செய்வது வேறு. பங்குனி வெயிலில் சின்னான் தக்காளியைக் கொத்துவது பாதித் தாகத்துக்குத்தான் என்பது என் எண்ணம். தோட்டத்துக்கு வெளியே நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்களுக்குக் கொத்தல் காய் நன்றாகக் குறைந்தது. அந்தக் குருவிகளே புழுவையும் பொறுக்கித் தின்கின்றன. சட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும், கொசு வைத்துவிடும்.


பாலக்கோடு_அடிவாரம்

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். லைன் கம்பிப் பேச்சு முடிந்தது. அப்பாவே பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய்ப் பேசினார். அவர் தன் பக்கம் போட்டிருந்ததையும் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கும் வரை தினம் போய்க் கேட்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நிலக்கடலை இல்லை. கிணற்றடி முதல் வாசல் வரை தக்காளியும் வெண்டையும், ஓரத்தில் பாகல் பந்தல், சேம்பு. வெண்டை சிவராத்திரிக்குப் பிறகுதான். தக்காளி நாற்றுக்கு நாளை குழித்தட்டு வாங்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: பாகல் விதையை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும்? சென்ற முறை எங்கள் வீட்டில் அக்கா போட்டதில் பாதி முளைக்கவில்லை.


விதைப்பெட்டி_கிருஷ்ணகிரி

பாகல் விதைக்குத் தோல் கெட்டி. நகவெட்டியால் கூர்முனையை லேசாக, உள்ளே பருப்பில் படாமல் நறுக்கிவிட்டு ஒரு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஈரத்துணியில் சுற்றி அடுப்பங்கரைப் பக்கம், கதகதப்பாக இருக்கும் இடத்தில் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். பார்த்த உடனே பையில் ஊன்றிவிடுங்கள், முளை நீண்டால் ஒடிந்துவிடும். பையை எலி ஏறாத உயரத்தில் வையுங்கள்.